யாரும் போடாத உப்பு

இந்தக் கதையில் ஒரு பெண்டாட்டி, ஒரு புருஷன், புருஷனுடைய அக்கா, அப்புறம் ஒரு உப்புத் தொட்டி. தொட்டி பேசாது. ஆனாலும் கண்ணுகளா, அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

பெண்டாட்டிக்குத் தெருவில் நுரையம்மா என்று பெயர். துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் போதும் என்று எழுந்து வந்து, வீட்டுப் பின்னறையில் துவைக்கிற தொழிலைத் தொடங்கினாள். கண்ட துணியையும் வாங்க மாட்டாள். மெஷினில் போட்டால் நைந்துபோகிற மெல்லிய வெள்ளைத் துணிகள் மட்டும்தான்: பூவேலை செய்த மேசை விரிப்பு, பிறந்த குழந்தையின் சட்டை, பாட்டி காலத்துத் தலையணை உறை. கையால் கசக்கி, கையால் அலசி, இஸ்திரி போட்டு அவள் மடித்துக் கொடுத்தால், வாங்குகிறவர்கள் முதல் காரியமாகத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது அவர்கள் முகம் மலர்கிறதைப் பார்க்கத்தான் அவள் கல்லாவை விட்டு வந்ததே.

புருஷன் டவுன்பஸ் ஓட்டுகிறவர். குறுக்கே பூனை ஓடினால் நிறுத்துவார். ஓடிவிடுமோ என்று தோன்றினாலும் நிறுத்துவார். அதனால் அவருக்கு பிரேக் என்றே பெயர் விழுந்துவிட்டது. மாடியில் அவருடைய அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு வந்தவர், குரலை மட்டும் ஒப்படைக்கவில்லை. விசில் டீச்சர் என்றால் அடுத்த தெருவுக்கும் தெரியும்.

அந்த ஊர்த் தண்ணீர் பொல்லாத தண்ணீர். கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படியும். குழாய் மூக்கில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தாலும் நுரைக்காது. நுரைக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு நுரையம்மா என்ன செய்வாள்? அதற்காகவே பின்னறை மூலையில் ஒரு வாட்டர் சாஃப்ட்னர் வாங்கி வைத்திருந்தார்கள். உயரமான குழல் ஒன்று, அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குத் தொட்டி ஒன்று. குழலுக்குள் கடுகை விடச் சின்னதாக ஆயிரமாயிரம் மணிகள் இருக்கும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து அலுத்துப்போனதும், சாஃப்ட்னர் மெஷின் பக்கத்துத் தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீரை உறிஞ்சி அந்த மணிகளைக் கழுவிவிடும். மணிகளும் தெம்பாக மறுபடி வேலைக்கு வந்துவிடும். மனிதர்கள் செய்ய வேண்டியதெல்லாம், தொட்டியில் உப்புக் குறைந்தால் கொண்டுவந்து போடுவதுதான்.

அந்த ஒரு வேலையில்தான் சண்டை வந்தது.

"உப்பு தரைதட்டிப் போச்சு. மூட்டையைத் தூக்கிப் போட இந்த வீட்டுல ஆம்பளையே இல்லையா?"

"நாள் பூரா ஸ்டியரிங்கைத் திருப்பிட்டு வரேன். தோள் கழண்டு தொங்குது, பாரு."

"நான் மட்டும் நாள் பூரா காலை நீட்டிப் படுத்திருக்கேனா? என் இடுப்பு இருக்கா போச்சான்னே தெரியல."

"போன தடவை போட்டது நான்."

"போட்டீங்க, போட்டீங்க. பாதி தொட்டியில, பாதி தரையில. கூட்டி அள்ளினது யாரு?"

மாடியிலிருந்து குரல் வந்தது: "டேய்! ஆளுக்கொரு மூட்டையைக் கொட்டிட்டு வாயை மூடுங்க ரெண்டு பேரும்!"

வீட்டில் இருந்ததே இரண்டு மூட்டைதான். ஆளுக்கொன்றாகக் கொட்டினார்கள். கோபத்தில் கொட்டியதால் அளவு பார்க்கவில்லை. விளிம்புக்கு மேல் குவிந்து நின்றதை அவர் ஒரு குத்துக் குத்தி அமுக்கினார். நான் மட்டும் இளைத்தவளா என்று அவள் இரண்டு குத்துக் குத்தினாள். ஒருவழியாக மூடி மூடிக்கொண்டது. இரண்டு வாய்களும் மூடிக்கொண்டன.

கொஞ்ச நாள் கழித்து, உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நுரையம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பாதியாவது போயிருக்க வேண்டும். ஆனால் உப்பு விளிம்பிலேயே நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர்தான் போட்டிருக்கிறார். கோபம் இருந்தும், தோள்வலி இருந்தும், சத்தமில்லாமல் வாங்கி வந்து நிரப்பியிருக்கிறார். காலி மூட்டையைத் தேடினாள், கண்ணில் படவில்லை. 'அதைக்கூட நான் பார்க்காம கொண்டுபோய்ப் போட்டிருக்காரே, என்ன மனுஷன்!' என்று உருகிப்போனாள்.

அதே வாரத்தில் பிரேக்கும் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கும் அதே ஆச்சரியம், அதே முடிவு, ஆள் மட்டும் வேறு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், தனியாக மூட்டையைத் தூக்கியிருக்கிறாள்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். இருவரும் அப்படி வளர்ந்தவர்கள் அல்ல. ஒருவர் மறைத்துச் செய்த நல்லதை இழுத்து வெளியே போடக் கூடாது, பதிலுக்கு நாம் ஒன்று செய்துவிட வேண்டும் என்று நினைக்கிற ரகம். மறுநாள் விடியற்காலை அவர் டீ போட்டு அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் அவள் வெந்நீர்ப் பையை அவர் தோளில் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். அவர் ஈரத் துணிகளைக் கொடியில் விரித்துப் போட ஆரம்பித்தார். அவள் பஸ் ஸீட்டுக்குத் தலையணை தைத்துக் கொடுத்தாள். தொட்டியை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் உப்பு நிறைந்தே இருந்தது. அன்பும் அதுபாட்டுக்குக் கூடிக்கொண்டே போனது.

"என்னடா நடக்குது கீழே?" என்று விசில் டீச்சர் படியில் நின்று கேட்டார். "சண்டைச் சத்தமே காணோம். எனக்கு மத்தியானம் தூக்கம் வர மாட்டேங்குது."

ஆனால் துணிகள் கெட்டுக்கொண்டிருந்தன.

முதலில் துண்டுகள் மொரமொரத்தன. அடுத்து தலையணை உறைகளில் ஒரு சாம்பல் சாயை படிந்தது. நுரையம்மா சோப்பை மாற்றினாள், இன்னொரு தடவை அலசினாள், ஊறவைக்கிற நேரத்தைக் கூட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை. மேசை விரிப்பை வாங்க வந்த ஒரு வாடிக்கைக்காரம்மா வழக்கம்போல் அதைக் கன்னத்தில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லை. இன்னொருவரும் வராமல் நின்றுபோனார்.

தண்ணீர்தான் சரியில்லையோ என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் உப்பு நிறைய இருக்கிறது, மெஷினில் விளக்கும் எரிகிறது. அதோடு, மூட்டை மூட்டையாகச் சுமந்து போடுகிற மனுஷனிடம் போய்த் தண்ணீர் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? ஷேவ் செய்யும்போது நுரை வரவில்லை என்பது பிரேக்குக்கும் தெரிந்தே இருந்தது. அவள் பராமரிக்கிற மெஷினைக் குறை சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் அவள் தன் கையையே சந்தேகப்பட்டாள். கைராசி போய்விட்டது என்று முடிவு கட்டினாள்.

இந்த நேரத்தில்தான் பாட்டுக்குழுத் தலைவி காரில் வந்து இறங்கினார். நெட்டையான பெண்மணி. பேசும்போதே கையால் தாளம் போடுவார். குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் பாதம் வரை தொங்குகிற வெள்ளை அங்கிகளை அவளிடம்தான் துவைக்கக் கொடுத்திருந்தார்.

"அம்மா, நான் பூசி மெழுகிப் பேச மாட்டேன்" என்றார், அங்கி மூட்டையை இறக்கிக்கொண்டே. "நேத்து ஒத்திகை. பாட்டு ஆரம்பிச்சதும் எல்லாரும் கழுத்தைச் சொறியுறாங்க. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒருத்தர் முதுகைத் தேச்சுக்கத் தூணைத் தேடிப் போயிட்டார்."

நுரையம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. மத்தியானம் வருவேன். மெத்துன்னு இருந்தா, இனிமே எங்க துணி எல்லாமே உங்ககிட்டத்தான். இல்லேன்னா மெஷின் லாண்டரிக்குப் போயிடுவேன். தப்பா நினைக்காதீங்க."

தலைவி போனபிறகு நுரையம்மா மூட்டையைப் பார்த்தபடி நின்றாள். இதுவும் போனால் மறுபடி கல்லாதான். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை. முதல் ட்ரிப்பை முடித்துவிட்டுச் சாப்பிட வந்த பிரேக், பின்னறையில் அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"என்னம்மா, கைரேகை பார்க்கறியா?"

"இந்தக் கை போச்சுங்க. இதுல இனி வெள்ளை வராது. நாளைக்கு அந்தம்மா வந்தா, முடியலன்னு சொல்லிடப் போறேன்."

அவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"இந்தக் கையையா போச்சுங்கற? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இடுப்பு வலியோட அவ்ளோ பெரிய உப்பு மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்ட கை இது!"

அவள் நிமிர்ந்தாள். "எந்த மூட்டை?"

"சும்மா இரு. அன்னிக்குச் சண்டை போட்டதிலிருந்து நீதானே போடுற?"

"நானா? நீங்கதானே போடுறீங்க!"

"நான் தொடவே இல்லையே."

"நானும் தொடலைங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தார்கள்.

"அண்ணி!" என்று அவள் மாடியைப் பார்த்துக் கத்தினாள். "தொட்டியில உப்பு போடுறது நீங்களா?"

விசில் டீச்சர் இறங்கி வந்தார். "நானா? பால் பாக்கெட்டையே கூடையில வச்சுக் கயிறு கட்டி மேல இழுத்துக்கறவ நான். மூட்டை தூக்கப் போறேனா?"

"அப்படின்னா போட்டது யாரு?" என்றார் பிரேக், குரல் இறங்கி. அவருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பயம் உண்டு.

நுரையம்மா எழுந்து நின்றாள். "யாரும் போடல. ஆனா குறையவும் இல்ல. குறையலன்னா மெஷின் உப்பைத் தொடலன்னு அர்த்தம். இத்தனை நாளா வெறும் தண்ணியைத்தாங்க குடிச்சிட்டு இருந்திருக்கு!"

மூடியைத் தூக்கி எறிந்தாள். துடைப்பக் கட்டையைத் தலைகீழாகப் பிடித்து உப்பின் நடுவில் குத்தினாள். 'டொக்' என்றது, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. இன்னொரு குத்து. டொக். மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். மேலே படக்கென்று ஒரு விரிசல் விட்டது. கட்டை சரசரவென்று உள்ளே இறங்கி, அவள் முழங்கை உப்பில் போய் இடித்தது.

உள்ளே வெற்றிடம்.

பிரேக் டார்ச்சை அடித்துக் காட்டினார். மேலே ஒரு முழம் கனத்துக்கு உப்புப் பாறை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் அப்பாவியாக மின்னிக்கொண்டிருந்தது. அன்று அமுக்கி அமுக்கி நிரப்பியது, அதே அறையில் இஸ்திரிப்பெட்டியிலிருந்து எழுந்த ஆவியில் ஈரம் பிடித்து இறுகி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் பாலம் போட்டு நின்றுவிட்டது. அடியில் இருந்த உப்புக் கரைந்து போனது. மேலே இருந்தது இறங்கவே இல்லை.

"ஆக, ரெண்டு பேரும் சண்டை போட்டு ஒரு பாலம் கட்டியிருக்கீங்க" என்றார் விசில் டீச்சர். "சர்க்கார் கட்டினதை விட உறுதியா இருக்கு. தம்பி, உன் பஸ்ஸையே ஓட்டலாம்டா."

பிரேக்குக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப, விடியக்காலையில எழுந்து இத்தனை நாள் நான் போட்டுக் குடுத்த டீ?"

"ஓஹோ, அதெல்லாம் உப்புக்காகவா?" நுரையம்மா இடுப்பில் கை வைத்தாள். "நான் என்னவோ ஆசையில போடுறீங்கன்னு நினைச்சேன்! அப்ப என் ஒத்தடத்தைத் திருப்பிக் குடுங்க."

"தலையணையை வேணா தரேன். ஒத்தடத்தை எப்படித் தர்றது?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அவள் வாளிமேல் உட்கார்ந்து சிரித்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செய்யாத வேலைக்கு இத்தனை உபசாரம் வாங்கிய இரண்டு பேர்! அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். கை போகவில்லை. கைக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"போதும் சிரிச்சது!" விசில் டீச்சர் கைதட்டினார். "நாளைக்கு மத்தியானம் அந்தம்மா வந்து நிப்பாங்க. வரிசையில நில்லுங்க!"

பிரேக் டிப்போவுக்குப் போன் போட்டார். "ஷிஃப்ட் மாத்திக்கணும் சார். வீட்டுல பாலம் இடிஞ்சிருச்சு... இல்ல சார், யாருக்கும் அடி இல்ல... உப்புப் பாலம் சார்."

மெஷினின் வயரைப் பிடுங்கினார்கள். தண்ணீர் வருகிற வால்வை மூடினார்கள். பிரேக் துடைப்பக் கட்டையால், தொட்டியின் சுவரில் படாமல் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையை உடைத்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் நுரையம்மா வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்ற, அது முனகிக்கொண்டே பிடியை விட்டது. கட்டிகளை அள்ளி வாளியில் போட்டார்கள். உப்பு கெட்டுப்போகிற பண்டமில்லையே. விசில் டீச்சர் அவற்றைச் சாக்கில் கட்டி, சுத்தியலால் நொறுக்கினார். ஒவ்வொரு அடிக்கும் பழைய தலைமையாசிரியர் ஒருவரை நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

தொட்டியின் அடியில் சேறு மாதிரி ஒரு கறுப்புக் குழம்பு. அதை வழித்து எடுத்து, பாத்திரம் கழுவுகிற சோப்பால் தேய்த்துக் கழுவி, நொறுக்கிய உப்பைத் திரும்பப் போட்டார்கள். இந்தத் தடவை விளிம்பு வரை இல்லை, முக்கால் தொட்டிக்கும் குறைவாக. குத்தவில்லை, அமுக்கவில்லை. தண்ணீர் ஊற்றி, உப்புக் கரையக் கொஞ்ச நேரம் விட்டு, வயரைச் செருகி, வால்வைத் திறந்து, மெஷினைக் கழுவச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார்கள். மெஷின் உறுமத் தொடங்கியது. அது முடிகிறவரை குழாயைத் திறக்கக் கூடாது. மூன்று பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

சத்தம் நின்றது. நுரையம்மா ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்து, சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மூடிக் குலுக்கினாள்.

கலங்கல். மேலே பெயருக்கு நாலு குமிழி.

பிரேக் மெதுவாக, "மெஷினே போயிருச்சோ?" என்றார்.

நுரையம்மா தொட்டியை எட்டிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து இன்னும் கிட்டே பார்த்தாள். "தண்ணி இறங்கவே இல்லைங்க. ஊத்தினப்ப எவ்வளவு இருந்துச்சோ அப்படியே இருக்கு. உறிஞ்சியிருந்தா குறைஞ்சிருக்கணுமே. தொண்டை அடைச்சிருக்கு!"

தொட்டியின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு குழாய். அதற்குள்தான் உப்புத் தண்ணீரை உறிஞ்சுகிற வழி. அதைக் கழற்றி எடுத்துப் பார்த்தால், அடியில் இருந்த சின்னச் சல்லடை முழுக்க அதே கறுப்புச் சேறு. அவள் குளியலறைக்கு ஓடிப்போய் ஒரு பல் துலக்குகிற பிரஷ்ஷோடு வந்து பரபரவென்று தேய்த்தாள். சல்லடையின் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"அது என் பிரஷ்!" என்றார் பிரேக்.

"தெரியும்."

மறுபடி பொத்தான். இந்தத் தடவை யாரும் உட்காரவில்லை. தொட்டியைச் சுற்றி நின்று, தலைகள் முட்டிக்கொள்ள உள்ளே பார்த்தார்கள். மெஷின் கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் மட்டம் மெல்ல, மிக மெல்ல, இறங்கியது.

"குடிக்குது! குடிக்குதுடா!" என்று விசில் டீச்சர் போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று பார்த்தார்.

ஒரு சுற்று முடிந்ததும், பட்டினி கிடந்த மணிகள் ஆயிற்றே என்று இன்னொரு சுற்றும் ஓடவிட்டார்கள். குழாயில் உப்புக் கரிப்புப் போகிறவரை தண்ணீரைத் திறந்துவிட்டு, அவள் மறுபடி பாட்டிலை எடுத்தாள். இரண்டு சொட்டு விட்டாள். குலுக்கினாள்.

நுரை பாட்டிலின் கழுத்து வரை எழும்பி நின்றது. கீழே தண்ணீர் பளிங்காகத் தெளிந்திருந்தது. அவள் மூடியைத் திறந்து அந்த நுரையை விரலில் எடுத்துப் புருஷன் மூக்கில் வைத்தாள். அவர் அதைத் துடைக்கவே இல்லை.

அப்புறம் பாருங்கள், பின்னறையில் திருவிழாதான். அங்கிகளில் ஏறியிருந்த பழைய சுண்ணாம்பு விட, நல்ல தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து ஊறப் போட்டாள். பிறகு கையால் கசக்கினாள். நுரை துவைக்கிற தொட்டியைத் தாண்டித் தரையில் வழிந்தது. கை தன் பாட்டுக்கு ஓடியது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே தடவ வேண்டும் என்று அவள் சொல்லாமலே அதற்குத் தெரிந்திருந்தது. பிரேக் அலசினார். விசில் டீச்சர் "ஒண்ணு, ரெண்டு, பிழி!" என்று சொல்லிச் சொல்லிப் பிழிந்தார். பொழுது சாய்வதற்குள் கொல்லையில் கொடி கொடியாக அங்கிகள் கை விரித்து நின்றன. மறுநாள் காலை இஸ்திரி. அதுவும் சாஃப்ட்னர் இருக்கிற அறையில் இல்லை, கூடத்தில்.

சனிக்கிழமை மத்தியானம் கார் வந்து நின்றது. தலைவி இறங்கினார். தாளம் போடுகிற கை சும்மா தொங்கியது. அவரும் பயந்துதான் வந்திருந்தார். நுரையம்மா மேலே இருந்த அங்கியை எடுத்து நீட்டினாள்.

தலைவி அதைக் கன்னத்தில் வைத்தார்.

எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் முகம் முழுவதையும் துணிக்குள் புதைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து, "என்னம்மா பண்ணினீங்க?" என்று கேட்டது.

"ஒண்ணுமில்லைங்க. வீட்டுல ஒரு பாலத்தை இடிச்சோம்."

தலைவிக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் அவர் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று காருக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தார். "சொன்னா சொன்னதுதான். இனிமே எல்லாமே இங்கதான். இதையும் பிடிங்க!" என்று எதையோ இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. மேடைக்குப் பின்னால் தொங்கவிடுகிற வெள்ளைத் திரை. வீட்டுக் கூரைக்கே போர்த்திவிடலாம்.

"அடேயப்பா!" என்றார் பிரேக். "இதை எதுல ஊற வைக்கிறது? என் பஸ்லயா?"

"ஊற வைக்கிறது அப்புறம். முதல்ல வாசல்ல நுழையுதான்னு பாருங்க" என்றாள் நுரையம்மா. திரையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், ஒன்றை அவர், ஒன்றை விசில் டீச்சர். நாலாவது முனை தரையில் புரளக் கூடாதே என்று தலைவி தானே ஓடிவந்து பிடித்துக்கொண்டார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நுழையப் பார்த்துச் சிக்கிக்கொண்டார்கள். "நீங்க முதல்ல போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று திரைக்குள்ளிருந்து சத்தமும் சிரிப்பும் தெருக்கோடி வரை கேட்டது.